மாமாவின் குச்சியைப் புதுப்பித்த ஞாயிற்றுக்கிழமை

என் மாமனார் பென் டிரைவை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த மனிதர். மற்ற ஆண்கள் அங்கே பெட்டிச் சாவி கட்டுவார்கள், தாயத்து கட்டுவார்கள். இவருக்குத் தாயத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு பென் டிரைவ் தொங்கும். அதற்கு அவர் வைத்த பெயர் குச்சி. "குச்சி பத்திரமா இருக்கும்மா" என்று வேட்டி மடிப்பைத் தட்டிக் காட்டுவார். கம்ப்யூட்டர் டீச்சர் என்று பெயர் எடுத்து இத்தனை வருடமாகப் பெரம்பலூரில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறேன், ஒரு பென் டிரைவை இவ்வளவு மரியாதையாக நடத்திய ஆளை நான் கண்டதில்லை.

மரியாதைக்குக் காரணம் இருந்தது. அந்தக் குச்சிக்குள் அவருடைய மகள் இருந்தாள்.

என் நாத்தனார் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு அரியலூர் வீட்டை விட்டுப் போனவள். போன அன்று மாமியார் வாசலில் நின்று, தெருவே பார்க்க, ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "இன்னியோட அவளத் தல முழுவிட்டேன்" என்று சொன்னவர். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் வாயில் கொழுக்கட்டை. தங்கை பேச்சு வந்தாலே பட்டறையில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிடுவார். மாமனார்தான் பாவம், உள்ளுக்குள்ளேயே உருகிக்கொண்டிருந்தார்.

உருகுகிறவர் போன் பண்ணிப் பேசலாமே என்று கேட்பீர்கள். பேசிப் பார்த்தார். சொந்தக்காரப் பயல்கள் இரண்டு பேர் ரிப்பேருக்குப் போன அவர் போனிலிருந்து மகளின் நம்பரைத் தோண்டி எடுத்து, அவள் இருக்கும் ஊர்வரைக்கும் போய்விட்டார்கள். நல்லவேளை, தெருவில் இருந்தவர்கள் விரட்டி விட்டார்கள். அவள் வீட்டை மாற்றினாள், நம்பரை மாற்றினாள். அதற்கப்புறம்தான் என் பள்ளிக்கூட விலாசத்துக்கு அந்தக் கறுப்புக் குச்சி வந்தது.

அவள் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். கூடவே வந்த கடிதத்தில் விவரம் எழுதியிருந்தாள். "அண்ணி, இதுல கம்ப்யூட்டருக்கான முழு சிஸ்டமும் இருக்கு. எந்த மெஷின்ல சொருவினாலும் இதுலேர்ந்தே முழிச்சுக்கும். புடுங்கிட்டா அந்த மெஷினுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. கடிதமெல்லாம் குச்சிக்குள்ளயே ஒரு பூட்டுக்குள்ள இருக்கும். பூட்டுக்கு ஒரே வார்த்தையா வேணாம், அஞ்சாறு வார்த்தை சேத்து அப்பாவே வெச்சுக்கட்டும். அது உங்களுக்கும் தெரியக் கூடாது. மறந்துட்டா சாமியே வந்தாலும் தெறக்க முடியாது." அவள் சட்டம் போட்டால் போட்டதுதான், அப்படியே அம்மாவை உரித்து வைத்தவள். மாமா அந்த வார்த்தைகளைப் போடும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

மாமா அரியலூர்–தஞ்சாவூர் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்ப இது ஸ்பேர் பஸ்ஸு. நம்ம ரூட்டுல ஓடும், ஆனா டெப்போவுல பேரு இருக்காது." என் மாணவர்களில் ஒருவன்கூட இவ்வளவு சுருக்கமாகப் பதில் எழுதியதில்லை.

பின்கட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறை. அங்கேதான் மகள் பிளஸ் டூ படிக்கையில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது. பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். வாரத்தில் ஒரு நாள் மாமியார் சமையலறையில் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து மாமா கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரும்போது முகம் தேர்த் திருவிழா பார்த்த பிள்ளை மாதிரி இருக்கும். "மாமா, மொதல்ல மூஞ்சிய மாத்துங்க, அத்தை பாத்தாங்கன்னா சங்கதி சந்தி சிரிச்சிடும்" என்று அதட்டுவேன். உடனே முறைப்பாக வைத்துக்கொள்வார். அது இன்னும் மோசமாக இருக்கும்.

குச்சிக்கு அவ்வப்போது புதுப்பிப்பு வரும். அது என் வேலை. ஓட்டை ஒடிசல் இருந்தால் அடைத்து, புதுப் பூட்டாக மாற்றித் தருகிறார்கள் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். பஸ்ஸை வருடா வருடம் சரிபார்த்துச் சான்று வாங்குவார்களே, அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டார். "குச்சிக்கு எஃப்.சி. வந்துருச்சாம்மா?" என்று போனில் கேட்பார். பக்கத்தில் மாமியார் இருந்தால், "எந்த வண்டிக்கு எஃப்.சி.?" என்று அவர் கேட்பதும் எனக்குக் கேட்கும். "அது பழைய டிரைவர் ஒருத்தரு வண்டி" என்று மாமா புளுகுவார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் நான் எஃப்.சி. போட்டுவிட்டு வருவேன். வழக்கமாகப் பொத்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், தானே தரவிறக்கிக்கொண்டு தானே மாறிக்கொள்ளும்.

அப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் மாமாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கைகால் தப்பித்தது. பெயர்கள்தான் நழுவிப் போயின. சோறு, தண்ணி, வலி எல்லாம் சொல்வார், ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வரும்போது நாக்கு பாதியில் நின்றுவிடும். என்னைப் பார்த்து, "இந்தா... இந்தா... பெரம்பலூரு" என்றார். பெற்ற அப்பா வைத்த பெயரைவிட எனக்கு அது பிடித்துப் போனது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் அரைஞாண் கயிற்றை அறுத்து மாமியார் கையில் கொடுத்துவிட்டார்கள். தாயத்தும் குச்சியும் சேர்ந்தே போயின. "அத்தை, அந்தப் பென் டிரைவ் என் ஸ்கூலோடது" என்று கையை நீட்டினேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்கூல் சாமான் மாமனார் இடுப்பில் எதற்கு என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். கேட்கவில்லை. முந்தானையால் ஒரு தடவை துடைத்துக் கொடுத்துவிட்டு, தாயத்தை மட்டும் முடிந்துகொண்டார்.

மாமா வீட்டுக்கு வந்து, நடந்து, தானே சாப்பிட ஆரம்பிக்கச் சில மாதங்கள் போயின. அதுவரை குச்சி என் பீரோவில் தூங்கியது. நாத்தனாரின் இப்போதைய நம்பர் எனக்குத் தெரியாது, தெரியக் கூடாது என்பதும் அவள் சட்டம்தான். அவளைப் பிடிக்க இந்த உலகத்தில் ஒரே வழி பூட்டுக்குள் இருந்த அந்த மெயில். மாமா என்னைக் கண்டால் போதும், இடுப்பைத் தட்டுவார், கண் கலங்கும். எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். "கொண்டாரேன், கொண்டாரேன், மொதல்ல மாத்திரையப் போடுங்க" என்று கத்திவிட்டு வருவேன்.

பெரம்பலூரில் என் மெஷினில் சொருகிப் பார்த்தேன். பூட்டைத் திறக்காமலேயே எழுந்தது, எழுந்த வேகத்தில் கையை விரித்தது. ரொம்பப் பழசாகிவிட்டேன், இனி என்னால் தானாக மாற முடியாது, கையால்தான் மாற்ற வேண்டும் என்று எழுதிக் காட்டியது. பழசை வைத்துக்கொண்டு இணையத்துக்குள் கால் வைக்கவே கூடாது என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அதனால் வேறொரு குச்சியில் புதுப் பதிப்பை ஏற்றிக்கொண்டேன். அந்தப் புதியதிலிருந்து லேப்டாப்பை எழுப்பி, பழையதைப் பக்கத்தில் சொருகி, இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் திரையில் இரண்டு பொத்தான் வரும். ஒன்று, உள்ளே இருப்பதை அப்படியே வைத்து மேம்படுத்தும். இன்னொன்று, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடும். அதை அமுக்கினால் மகள் எழுதியது அத்தனையும் போச்சு.

ஞாயிறு சாயங்காலம் அரியலூர் போய் இறங்கினேன். மாமியார் சமையலறையில் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். "வா புள்ள, சாப்புட்டியா" என்றார். மாமாவுக்குப் பாடப் புத்தகம் மாதிரி ஏதோ காட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். பஸ் வழியில் பழுதாகி நின்றதில் தாமதமாகியிருந்தது. குச்சியை எடுத்ததும் மாமா நாள்காட்டியைக் காட்டினார். ராகு காலம் தொடங்கிவிட்டதாம்.

"மாமா, இது கம்ப்யூட்டரு. இதுக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது."

தலையை ஆட்டினார். பெயர் மறந்த மனிதருக்கு ராகு மட்டும் மறக்கவில்லை. நான் கடைசி பஸ்ஸை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மூட்டைமேல் சாய்ந்து, தப்பு செய்துவிட்டுக் கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் நிற்கும்!

ராகு ஒருவழியாகப் போய்த் தொலைந்தது. சார்ஜர் முனை ஆட்டம் கண்டிருந்ததால் மாமா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பச்சைப் பிள்ளையின் தலையைத் தாங்குகிற பிடி. நான் இரண்டு பொத்தானையும் வாய்விட்டுப் படித்தேன், திரும்பவும் படித்தேன். இருபது பிள்ளைகளுக்கு நடுவே நின்று கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, அன்று சுட்டி வியர்வையில் வழுக்கியது. மேம்படுத்து என்பதை அமுக்கினேன். கோடு நகரத் தொடங்கியது. பாதியில் விளக்கு மினுக்கி மின்விசிறி திணறியதும் எங்கள் குலதெய்வத்திலிருந்து மாரியம்மன் வரைக்கும் ஒருத்தரை விடாமல் கூப்பிட்டுவிட்டேன். கரண்ட் போகவில்லை. முடிந்தது என்று எழுத்து வந்தது.

புதியதைப் பிடுங்கிவிட்டுப் பழையதிலிருந்து எழுப்பினேன். பூட்டுக்கான பெட்டி வந்தது. நான் வழக்கப்படி எழுந்தேன். மாமா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தனியாக முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். விரலோடு வாயும் திறந்தது. "வாரணவாசி... கீழப்பழூரு... திருமானூர்..." அவர் பூட்டு, அவர் போய்வந்த ரூட்! அதைவிட ஆச்சரியம், என் பெயர் வராத நாக்குக்கு நிறுத்தங்கள் வரிசையாக வந்தன, கண்டக்டர் குரலோடு, இழுத்து, ஓங்கி. திருமானூரில் நின்றது. "திருமானூர்... திருமானூர்..." கண்ணை மூடினார். பிறகு, "விளாங்குடி... திருவையாறு" என்று முடித்து என்டரைத் தட்டினார். தவறு என்றது.

மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் திருமானூரில் வண்டி திக்கியது. நடுவில் ஒன்று விட்டுப் போகிறது என்று அவருக்குத் தெரிகிறது, எது என்று தெரியவில்லை. கையைக் குவித்து, "இங்க... ஒண்ணு... இங்க" என்று காட்டுகிறார். நான் கொள்ளிடம் என்றேன், பாலம் என்றேன், கரை என்றேன். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். எதற்கும் திறக்கவில்லை. மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "எம் புள்ள... எம் புள்ள" என்று மட்டும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிச்சுக்காதீங்க மாமா, அடிச்சீங்கன்னா நான் ஊருக்குப் போயிடுவேன்" என்று அழுதுகொண்டே அதட்டினேன்.

அப்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"செங்கச்சூள."

அந்த வீட்டில் நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. இத்தனை வருடத்தில் எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

"திருமானூர் தாண்டி செங்கச்சூளைய விட்டுட்டு நேரா பாலத்துல ஏறுனா, அங்க நிக்கிறவுங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் திரையை மறைத்தேன். மாமா என்னை மறைத்தார்.

"ரொம்ப மறைக்காதீங்க. வாரா வாரம் கதவச் சாத்திக்கிட்டு பஸ்ஸு வுடுறாரு, வூடு பூரா கேக்குது. போர்டு இல்லாத ஸ்டாப்பு அது. எங்க ஊருக்கு அங்கதான் எறங்கணும். நான் தாவணி போட்டுக்கிட்டு நின்ன காலத்துல, டிரைவரு திட்டத் திட்ட இவுருதான் விசில் அடிச்சு நிறுத்துவாரு. பொண்ணு பாக்க வந்தப்புறம்ல தெரிஞ்சுது, எதுக்கு நிறுத்துனாருன்னு."

மாமாவின் முகம் சிவந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். "செங்கச்சூள" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பூட்டு திறந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நாளு சும்மா இருந்தீங்க?"

"என்னத்த தெரியும்? படிக்கத் தெரியுமா, இந்த மெஷினு தெரியுமா? இவுரு வெளிய வர்றப்ப மூஞ்சியப் பாப்பேன். சிரிச்ச மூஞ்சின்னா அவ நல்லாருக்கான்னு வெச்சுக்குவேன். அன்னிக்கு ஒரு வேள நல்லா சாப்புடுவேன்." மூட்டைமேல் உட்கார்ந்தார். "இவுரு படுத்ததுலேர்ந்து எனக்கும்தான் ஒரு சேதியும் இல்ல."

எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செய்தால் "என்ன புள்ள இது" என்று தள்ளிவிடுவார் என்பதால் சும்மா இருந்தேன்.

மெயில் வந்து இறங்கியது. ஒன்றின்மேல் ஒன்றாக நாத்தனாரின் கடிதங்கள். நான் வாய்விட்டுப் படித்தேன். முதல் சிலவற்றில் குழந்தை நடக்கத் தொடங்கிய கதை, பிடிவாதம், பல். அப்புறம், அப்பா ஏன் பதில் இல்லை. அப்புறம், அப்பா உடம்புக்கு ஒன்றும் இல்லையே. கடைசிக் கடிதம் சின்னது, அந்த வாரம்தான் வந்திருந்தது. குச்சி யார் கையிலோ சிக்கிவிட்டது என்று நினைக்கிறேன், குழந்தையை வைத்துக்கொண்டு துணியமாட்டேன், இந்த வாரத்தோடு இந்த மெயிலை மூடிவிடுகிறேன், இது அப்பாவாக இல்லையென்றால் இதைப் படிக்கிறவர்கள் எங்களை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். வாரம் முடிய அந்த ஒரு நாள்தான் இருந்தது.

மாமா தட்டப் பார்த்தார். "அம்மா... நான்..." என்பதற்குமேல் சொல் வரவில்லை. நான் ஆஸ்பத்திரி விவரமெல்லாம் எழுதலாம் என்றேன், உடனே எனக்கே உறைத்தது. ஆஸ்பத்திரி விவரம் ஊருக்கே தெரியும். யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

"நான் சொல்றேன், நீ எழுது" என்றார் மாமியார்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. உங்க பேரப் பாத்தா இன்னும் பயந்துடுவா. தெருவுல நின்னு தல முழுவுனவுங்க நீங்க."

"தெருவுல நின்னு முழுவுனதாலதான் அன்னிக்கே தேடிக் கெளம்புனவனுங்க வூட்டோட நின்னானுங்க. பெத்தவளே வேணாங்கறப்ப நமக்கென்னன்னு." சொல்லிவிட்டு மூட்டையின் சணலைக் கொஞ்ச நேரம் பிய்த்துக்கொண்டிருந்தார். "எழுது. நான் அம்மா. நீ போன அன்னிக்கு, இழுப்புக்கு அடிக்கிற மருந்த மறந்து அலமாரியிலயே வெச்சுட்ட. நீ பின்னால கொல்லைக்குப் போனப்ப, அத எடுத்து உன் பையோட சைடு அறையில வெச்சது நான்தான். ஜிப்பு வாயப் பொளந்துக்கிட்டு கெடந்துச்சு. என் ஜாக்கெட்டு ஊக்கக் கழட்டி குத்தி வெச்சேன்."

நாத்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அந்த மருந்து இல்லாமல் ஒரு ராத்திரி தாங்கமாட்டாள். எல்லாரும் தூங்கும்போது அவள் போய்விட்டாள் என்பதுதான் இத்தனை வருடமாக அந்த வீட்டில் சொல்லப்பட்ட கதை. என் விரல் நின்றுவிட்டது. மாமா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேவா விட்டீங்க, அத்தை?"

"ரொம்பத் தூரம் போற புள்ள. மூச்சு முட்டாம போய்ச் சேரணுமில்ல."

அதையும் எழுதவா என்று கேட்டேன். எழுது என்றார்.